பரங்கியும் சுக்கினியும் பிஞ்சிலேயே விழுகின்றன: பூச்சியா, மகரந்தமா?

கொங்குமண் (கோபிச்செட்டிபாளையம்)

எல்லோருக்கும் வணக்கம். வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடந்த இடத்தில் தைப்பட்டத்துக்கு அரசாணி (பரங்கிக்கு எங்கள் பக்கத்துப் பெயர்) போட்டிருக்கிறேன், நாலு குழி. பக்கத்திலேயே பெரிய குரோ பேக்கில் சுக்கினி, பிஞ்சிலேயே பறிக்கிற வெளிநாட்டுப் பூசணி வகை. கொடி நன்றாகத்தான் ஓடுகிறது, இலை ஒவ்வொன்றும் முறம் அகலம். காய்தான் கைக்கு வரவில்லை. எலுமிச்சை அளவு வந்ததும் பிஞ்சு மஞ்சளாகி விழுந்துவிடுகிறது. சில பிஞ்சு விழாமல் நின்று, ஒரு பக்கமாகக் கோணி, அமுக்கினால் கொழகொழவென்று இருக்கிறது. அரசாணி இலையில் வட்ட வட்டமாக ஓட்டை. சுக்கினி இலையில் வெள்ளைத் திட்டு. போதாததற்கு ஒரு கொடி நேற்று மதியம் வாடிப் படுத்துவிட்டது. ஒரு வெளிநாட்டு யூடியூப் காணொளியில் தண்டைக் கீறிப் புழுவை எடுக்கச் சொல்கிறார்கள், செய்யலாமா?

வேலைக்குப் போவதற்கு முன்னால் வாராவாரம் வேப்பெண்ணெய் அடிக்கிறேன். மருந்துக் கடையில் காய் பிடிப்பதற்கு என்று ஒரு பாட்டில் கொடுத்தார்கள், இன்னும் திறக்கவில்லை. எதிலிருந்து ஆரம்பிப்பது என்று சொல்லுங்கள்.

மதுரை_மாடித்தோட்டம்

தம்பி, தண்டைக் கீறாதீர்கள், பாட்டிலையும் இப்போதைக்குத் திறக்க வேண்டாம். இரண்டு விஷயம் சொல்லுங்கள். விழுந்த பிஞ்சை அறுத்துப் பார்த்தீர்களா? வேப்பெண்ணெய் அடிப்பது எத்தனை மணிக்கு?

கொங்குமண்

காலை ஆறரை, ஏழு மணி இருக்கும் அக்கா. பிஞ்சை இன்று சாயங்காலம் அறுத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

செம்மண்காடு (ஒட்டன்சத்திரம்)

அக்கா கேட்டதுதான் சரியான இடம். நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் ஒரு நோய் இல்லை, நாலைந்து தனித்தனிச் சங்கதிகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து தேடினால் ஒன்றுக்கும் கேட்காது.

பிஞ்சை நீளவாக்கில் இரண்டாக அறுங்கள். உள்ளே சுத்தமாக இருந்து, பூ இருந்த முனையிலிருந்து காம்பை நோக்கி மஞ்சளாகிச் சுருங்கியிருந்தால் அது மகரந்தம் சேராத பிஞ்சு. பூச்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தோலில் ஊசி குத்தினது போல ஒரு புள்ளி, அந்தப் புள்ளியில் கோந்து மாதிரி ஒரு சொட்டு, உள்ளே சதை அழுகி வெள்ளைப் புழு நெளிந்தால் அது பழ ஈ. அந்தப் புழுவை ஒரு தட்டில் விட்டுப் பாருங்கள். உடம்பை வளையமாக வளைத்துச் சுண்டிக்கொண்டு துள்ளும். ஒரு தடவை பார்த்தால் அப்புறம் சந்தேகமே வராது.

ஈயையும் அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டு ஈ அளவுதான், செம்பழுப்பு நிறம், மார்பில் மஞ்சள் கோடுகள், கண்ணாடி இறக்கையில் கருப்புப் பட்டை. பகல் வெயிலில் கொடியில் உட்காராது. பக்கத்தில் மக்காச்சோளமோ உயரமான செடியோ இருந்தால் அதன் இலைக்கு அடியில் இருக்கும். முட்டையிட மட்டும் பிஞ்சுக்கு வரும். தோல் மெத்தென்று இருக்கும் நாட்களில்தான் அதனால் குத்த முடியும். முட்டை ஒன்றிரண்டு நாளில் பொரிந்துவிடும். புழு உள்ளேயே தின்று கொழுத்து, வெளியே விழுந்து, மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழு ஆகிவிடும். நம் ஊர் வெயிலில் இரண்டு மூன்று வாரத்தில் அடுத்த தலைமுறை ஈ தயார். ஆக, கீழே கிடக்கும் சொத்தைப் பிஞ்சை அப்படியே விட்டால் அடுத்த மாதத்து ஈயை நாமே வளர்க்கிறோம்.

வேப்பமரநிழல் (தஞ்சாவூர்)

இவ்வளவு சிக்கல் வேண்டாம் என்பது என் கருத்து. ஐந்திலைக் கரைசலும் பஞ்சகவ்யாவும் மாற்றி மாற்றி வாரம் ஒரு தடவை கொடுங்கள். செடிக்குத் தெம்பு இருந்தால் பூச்சி தானாகப் போகும். நான் கத்தரி, வெண்டைக்கு இதைத்தான் செய்கிறேன்.

செம்மண்காடு

வேப்பமரநிழல் அண்ணா, பஞ்சகவ்யா நானும் கொடுக்கிறேன், லிட்டருக்கு 30 மில்லி. வளர்ச்சிக்கு நல்லது, மறுக்கவில்லை. ஆனால் பழ ஈயின் புழு காய்க்குள் இருக்கிறது, கூட்டுப்புழு மண்ணுக்குள் இருக்கிறது. இலைமேல் தெளிக்கிற எதுவும் இந்த இரண்டையும் தொடாது. கரைசல் நாற்றத்துக்கு ஈ கொஞ்சம் தயங்கலாம், அவ்வளவுதான். கத்தரி, வெண்டைப் பூச்சிகளை வைத்து இதை அளக்க முடியாது.

மதுரை_மாடித்தோட்டம்

நான் மகரந்தத்தைப் பற்றி எழுதிவிடுகிறேன், ஏனென்றால் மாடித்தோட்டக்காரர்கள் பாதிப் பேருடைய புலம்பல் இதுதான்.

பரங்கி, சுக்கினி, சுரை எல்லாவற்றிலும் ஆண் பூ தனி, பெண் பூ தனி. ஆண் பூவுக்கு நீளமான மெல்லிய காம்பு மட்டும் இருக்கும். பெண் பூவின் கீழே குட்டிக் காய் ஒட்டிக்கொண்டே இருக்கும். முதலில் ஆண் பூதான் வரிசையாக வரும். அந்த நாட்களில் பூ உதிர்கிறதே என்று பயப்பட வேண்டாம், அதன் வேலை அதுதான். (உதிரும் முன்னால் பறித்தால் பஜ்ஜி போடலாம். நடுவில் இருக்கும் மகரந்தத் தண்டைக் கிள்ளிவிட்டு மாவில் தோய்த்துப் போடுங்கள், அவ்வளவு ருசி.)

பூ விடியும் நேரத்தில் விரியும். வெயில் ஏற ஏறச் சுருங்கி, மதியத்துக்குள் மூடிவிடும். ஒரு பெண் பூவுக்குக் கிடைப்பது அந்த ஒரு காலைதான். அந்தக் காலையில் தேனீ வந்தால் உண்டு, இல்லாவிட்டால் பிஞ்சு மஞ்சளாகி விழும். நீங்கள் ஆறரை மணிக்கு வேப்பெண்ணெய் அடித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள் தம்பி. மகரந்தம் நனைந்து கட்டிப்போகும், வருகிற தேனீயும் ஒதுங்கிப் போகும். தெளிப்பதாக இருந்தால் சூரியன் சாய்ந்த பிறகு, பூவில் படாமல், இலையின் அடிப்பக்கமாக.

கையால் சேர்ப்பது ரொம்பச் சுலபம். அன்று காலை விரிந்த ஆண் பூவைப் பறித்து, இதழை முழுக்கக் கிழித்துவிடுங்கள். நடுத்தண்டில் விரலை வைத்தால் மஞ்சள் தூள் ஒட்ட வேண்டும். அதைப் பெண் பூவின் நடுவில் தடவுங்கள். அங்கே சூல்முடி பிரிந்து பிரிந்து இருக்கும், எல்லாப் பிரிவிலும் தூள் படவேண்டும். ஒரு பக்கம் மட்டும் பட்டால் காய் அந்தப் பக்கம் மட்டும் பருத்துக் கோணும். உங்கள் கோணல் காய்களில் சில இப்படியும் இருக்கலாம். ஒரு ஆண் பூ இரண்டு மூன்று பெண் பூவுக்குப் போதும். எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள், சுக்கினி சீக்கிரமே மூடிக்கொள்ளும்.

தும்பை, துளசி, சூரியகாந்தி கொஞ்சம் ஓரமாக இருக்கட்டும். கொசுத்தேனீயும் பெரிய கருவண்டும் தேடிக்கொண்டு வரும். கருவண்டைப் பார்த்துப் பயந்து விரட்டாதீர்கள், பரங்கிப் பூவில் புரண்டு எழுந்து மகரந்தத்தை நன்றாகவே சுமந்து போகும்.

கொங்குமண்

அறுத்துப் பார்த்தேன். விழுந்ததில் பெரும்பாலானது உள்ளே சுத்தமாகத்தான் இருக்கிறது, பூ முனையிலிருந்து சுருங்கியிருக்கிறது. கொழகொழப்பாக இருந்ததில் புழு. தட்டில் போட்டதும் துள்ளியது, செம்மண்காடு அண்ணா சொன்ன அதே துள்ளல். ஆக இரண்டுமே இருக்கிறது. கடையில் கொடுத்த பாட்டிலில் எத்திபான் என்று போட்டிருக்கிறது. அது எதற்கு?

செம்மண்காடு

எத்ரல் என்று சொல்வோமே, அதுதான். பெண் பூவை அதிகமாக்குகிற வளர்ச்சி ஊக்கி. பரங்கிக்கு வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரையிலேயே இருக்கிறது: 10 லிட்டர் தண்ணீருக்கு 2.5 மில்லி, விதைத்து 10 முதல் 15 நாளில் ஆரம்பித்து வாரம் ஒரு முறை நாலு தடவை. அதாவது செடி இரண்டு மூன்று இலையோடு நிற்கும் பருவத்துக்கு உள்ளது. உங்கள் கொடியில் பெண் பூ வருகிறது, மகரந்தம்தான் போய்ச் சேரவில்லை. இப்போது இதை அடித்துப் பிரயோசனம் கிடையாது. அளவு தப்பினால் இலை சுருண்டு பூவும் கொட்டும். திருப்பிக் கொடுக்க முடிந்தால் கொடுத்துவிடுங்கள்.

பழ ஈக்கு வருவோம். வீட்டுத் தோட்டத்தில் நிச்சயமாகக் கேட்கிற வைத்தியம் பை கட்டுவதுதான். மகரந்தம் சேர்த்த மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ பூ வாடியதும், பிஞ்சுக்கு ஒரு துணிப்பையோ செய்தித்தாள் பையோ போட்டுக் காம்பில் தளர்வாகக் கட்டுங்கள். காய் பெருக்க இடம் விட்டுக் கட்ட வேண்டும். தோல் கெட்டியாகி நகம் இறங்காத பதம் வந்ததும் அவிழ்த்துவிடலாம். சுக்கினியைப் பிஞ்சிலேயே பறிப்பதால் பறிக்கும் வரை பை இருக்கட்டும்.

விழுந்ததையும் குத்துப்பட்டதையும் தினமும் பொறுக்குங்கள். கம்போஸ்ட் குழியில் போடவே கூடாது. தடிமனான பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டி வெயிலில் வைத்துவிட்டால் உள்ளேயே வெந்துபோகும். கொடிக்கு அடியில் மேல்மண்ணைக் கொத்திக் கிளறிவிட்டால் கூட்டுப்புழு வெளியே வரும், கோழி இருந்தால் மிச்சம் வைக்காது.

கத்திரிப்பூ (சென்னை)

இனக்கவர்ச்சிப் பொறியை யாரும் சொல்லவில்லையே? நான் போன வருடம் மாமரத்துக்கு வாங்கிய பொறியைப் பீர்க்கங்கொடியில் மாட்டினேன். ஒரு ஈ கூட விழவில்லை.

செம்மண்காடு

விழாது. மாமரத்துக்கு வைப்பது மீதைல் யூஜினால் என்ற ஈயை இழுக்கும் வாசனைப் பொருள். அதற்கு வருகிற ஈ வேறு இனம். பரங்கி, பாகல், பீர்க்கைக் குத்துகிற ஈ க்யூ லூர் என்ற வேறு வாசனைப் பொருளுக்குத்தான் வரும். வாங்கும்போது "பூசணி, பாகல் பழ ஈக்கு" என்று கேட்டு, மேலே க்யூ லூர் என்று போட்டிருக்கிறதா பார்த்து வாங்குங்கள்.

இன்னொன்று. க்யூ லூரில் விழுவது எல்லாம் ஆண் ஈ. பொறி நிறைய ஈ கிடக்கிறதே என்று பையைக் கழற்றிவிட்டால் ஏற்கனவே இணைந்த பெண் ஈ வந்து குத்திவிட்டுப் போகும். பொறி என்பது ஈ எவ்வளவு இருக்கிறது என்று நமக்குக் காட்டும், கூட்டத்தைக் கொஞ்சம் குறைக்கும். சின்னத் தோட்டத்தில் தனியாக அதை மட்டும் நம்ப முடியாது. மாட்டுவதையும் கொடிக்கு நடுவில் மாட்டாமல் ஓரத்தில் மாட்டுங்கள்.

பெண் ஈயை இழுப்பதற்குப் பழைய ஆட்கள் கருவாட்டுப் பொறி வைப்பார்கள். முட்டை முற்றுவதற்குப் பெண் ஈக்குப் புரதம் வேண்டும், அதனால் கருவாட்டு வாடைக்கு வரும். ஓட்டை போட்ட பாலித்தீன் பையில் நனைத்த கருவாட்டுத் தூளைப் போட்டு, அதோடு ஒரு சொட்டு டைகுளோர்வாஸ் சேர்ப்பது வழக்கம். அந்த மருந்து இந்தியாவில் 2020 டிசம்பர் 31 முதல் தடை. பழைய குறிப்பேடுகளிலும் இணையத்திலும் இன்னும் அந்தப் பெயர் கிடக்கிறது, யாரிடமாவது மிச்சம் இருந்தாலும் வாங்கி வீட்டில் வைக்காதீர்கள், குழந்தைகள் இருக்கிற இடம். மருந்தில்லாமல் செய்ய வேண்டுமானால் பிளாஸ்டிக் பாட்டிலில் பக்கவாட்டில் சின்ன ஓட்டைகள் போட்டு, அடியில் கருவாட்டுத் தண்ணீரோடு கொஞ்சம் சோப்புத் தண்ணீர் கலந்து தொங்கவிடுங்கள். ஓட்டை வழியாக வந்த ஈ தண்ணீரில் மாட்டிக்கொள்ளும். வாடை வீசும், வீட்டு ஜன்னலுக்குத் தள்ளியே வையுங்கள்.

ஸ்காபரோ_வளவு (ரொறன்ரோ, கனடா)

தண்டைக் கீறுகிற கதை எங்களுடைய இடத்துக் கதை, அதனால் நான் எழுதுகிறேன். நாங்கள் இங்கே மே கடைசியில்தான் சுக்கினிக் கன்றை வெளியில் நடுவோம், அதற்கு முதல் உறைபனிப் பயம். ஜூன் கடைசி, ஜூலை அளவில் ஒரு அந்துப்பூச்சி வரும். அந்து என்று சொன்னாலும் பகலில் பறக்கும், செம்மஞ்சள் வயிற்றில் கறுப்புப் புள்ளி, தூரத்தில் பார்த்தால் குளவி என்றே நினைப்பீர்கள். தண்டின் அடியில் தனித்தனியாகப் பழுப்பு முட்டை வைக்கும். புழு தண்டுக்குள்ளே போய்க் குடைய, காலையில் நிமிர்ந்து நின்ற மரம் மத்தியானம் படுத்துவிடும். தண்டின் அடியில் மரத்தூள் மாதிரி ஈரமாக எச்சம் தள்ளியிருக்கும். அதைக் கண்டால்தான் நாங்கள் கூரான கத்தியால் நீளப்பாட்டுக்குக் கீறி, புழுவை எடுத்துவிட்டு, காயத்தின் மேல் ஈர மண்ணைப் போட்டு மூடுவோம். அந்தக் கணுவிலிருந்து புது வேர் ஓடினால் மரம் தப்பும்.

எங்கள் ஒன்டாரியோ மாகாணத்தில் 2009 ஏப்ரலில் இருந்து வீட்டுத் தோட்டத்துக்கு அழகுக்காக அடிக்கிற பூச்சிமருந்துகளுக்குத் தடை வந்தது. மரக்கறிக்கும் கடையில் கடும் மருந்து இலேசில் கிடைக்காது. அதனால் கன்று வைத்த அன்றே மெல்லிய வலைத்துணியால் மூடிவிட்டு, பெண் பூ வருகிறபோது திறந்துவிடுவோம், தேனீ போக வேண்டும் அல்லவா. நம்முடைய ஊர்ப் பூசணி இனத்தையும் பட்டர்நட் என்ற பூசணியையும் இந்தப் புழு அவ்வளவாகத் தொடாது, அதன் தண்டு கெட்டியாக இருப்பதுதான் காரணம். சுக்கினிக்குத்தான் ஆபத்து. உங்கள் கொடியில் மரத்தூள் எச்சம் இல்லையென்றால் கத்தி எடுக்க வேண்டாம் தம்பி.

கொங்குமண்

எச்சம் எதுவும் இல்லை அக்கா. வாடிய கொடியைப் பிடுங்கினேன், லேசாக இழுத்ததுமே வந்துவிட்டது. வேரில் சின்னச் சின்ன ஓட்டை, உள்ளே வெளிர் மஞ்சள் நிறத்தில் மெல்லிய புழு.

செம்மண்காடு

அப்போது இலையில் ஓட்டை போட்டதும் கொடியை வாட்டியதும் ஒரே ஆள்தான். சிவப்பு வண்டு. அரை விரல்கடை நீளம், செங்கல் நிறம், கையை நீட்டினால் பறந்துவிடும். வண்டு இலையைத் தின்னும், வேர்ப்பக்கம் ஈர மண்ணில் முட்டையிடும், அந்தப் புழு வேரைக் குடையும். மண்ணில் படுத்திருக்கும் காயின் அடிப்பக்கத்தையும் துளைக்கும், அதனால் காய்க்கு அடியில் வைக்கோலோ ஓடோ வையுங்கள்.

பெரிய கொடி வண்டுக்குத் தாங்கும். முளைத்த முதல் இரண்டு வாரம்தான் உயிர் போகிற காலம். விதையிலை இரண்டையும் ஒரே நாளில் நரம்பாக்கிவிடும். அடுத்த பட்டத்தில் முளை வந்த அன்றே பழைய கொசுவலையைக் குச்சி நட்டுக் கூடாரமாகப் போட்டு, ஓரத்தை மண்ணால் அழுத்திவிடுங்கள். கொடி ஓட ஆரம்பித்ததும் எடுத்துவிடலாம். இப்போது இருப்பதற்குப் பனி காயாத விடிகாலையில் போங்கள். அந்த நேரத்தில் வண்டுக்குப் பறக்கத் தெம்பு இருக்காது, இலையைத் தட்டினால் சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் பொத்தென்று விழும். அடுப்புச் சாம்பலைச் சலித்து, ஈர இலையில் படியும்படி தூவுவதும் வேலை செய்கிறது. மழையோ தண்ணீரோ பட்டால் மறுபடி தூவ வேண்டும். வேர்ப்பக்கம் கொட்டிக் குவிக்காதீர்கள், மண் உவர்ப்பேறும்.

வேப்பமரநிழல்

சாம்பல் எங்கள் பக்கமும் உண்டு, அம்மா பீர்க்கங்கொடிக்குத் தூவுவார்கள். வேப்பங்கொட்டைக் கரைசல் இந்த வண்டுக்கு உதவுமா? பழ ஈக்கு நீங்கள் சொன்ன காரணம் புரிகிறது, இது இலைமேல் உட்காருகிற பூச்சிதானே.

செம்மண்காடு

உதவும் அண்ணா. லிட்டருக்கு 50 கிராம் கொட்டையை இடித்து, துணியில் கட்டி இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் பிழிந்து வடிகட்டி வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து அன்று சாயங்காலமே தெளித்துவிட வேண்டும். வண்டு உடனே சாகாது, தின்பது குறையும். இளம் கன்றில் நல்ல பலன் தெரிகிறது.

இலை சல்லடையாகாமல், பச்சையம் மட்டும் சுரண்டப்பட்டு வலை மாதிரி ஆகியிருந்தால் அது வேறு வண்டு, எபிலாக்னா. பார்த்தால் பொறிவண்டு மாதிரியே இருக்கும். அசுவினியைத் தின்கிற நல்ல பொறிவண்டு எண்ணெய் தடவியது போல மினுங்கும். எபிலாக்னா மினுங்காது, மேலே மெல்லிய ரோமம் படர்ந்து மங்கலாக இருக்கும். இலைக்கு அடியில் மஞ்சளாக முள் முள்ளாக ஒரு புழு இருந்தால் உறுதி. இந்த வித்தியாசம் தெரியாமல் நல்ல பொறிவண்டை நசுக்குகிறவர்களைப் பார்த்தால் மனது கஷ்டப்படுகிறது.

நீலகிரி_காய்கறி (கோத்தகிரி)

சுக்கினி இலையின் வெள்ளைத் திட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. விரலால் தேய்த்துப் பாருங்கள். பவுடர் மாதிரி கையில் ஒட்டினால் சாம்பல் நோய். ஒட்டாமல், நரம்பும் நரம்பும் பிரிகிற மூலைகளில் வெள்ளி பூசியது போல ஒழுங்காக இருந்தால் அது இலையின் பிறவி நிறம். சுக்கினியில் நிறைய ரகங்களுக்கு அப்படித்தான் இருக்கும். அதற்கு மருந்தடிக்கிறவர்கள் ஏராளம்.

சாம்பல் நோயாக இருந்தால், ஆரம்பத்திலேயே பால் தெளியுங்கள். ஒரு பங்கு பாலுக்கு ஒன்பது பங்கு தண்ணீர், வாரம் ஒரு முறை, இலையின் இரண்டு பக்கமும். இது பாட்டி வைத்தியம் என்று தள்ள வேண்டாம். பிரேசிலின் எம்பிராப்பா வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் வாக்னர் பெட்டியோல் என்ற ஆய்வாளர் கண்ணாடிக்குடிலில் வளர்த்த சுக்கினியில்தான் இதைச் சோதித்து 1999இல் வெளியிட்டார். பத்து சதவீதமும் அதற்கு மேலும் பால் கலந்த தண்ணீர் நோயை நன்றாகவே கட்டுப்படுத்தியது. இலை முழுக்க வெள்ளையான பிறகு தெளித்தால் பலன் குறைவு. அடியில் உள்ள பழுத்த இலைகளை வெட்டி எடுத்துவிட்டுத் தெளியுங்கள், காற்று ஓடட்டும்.

கந்தகத்தூள் வாங்கித் தூவிவிடாதீர்கள். பூசணிக் குடும்பத்துக்குக் கந்தகத்தூளும் தாமிரத்தூளும் ஆகாது, இலை கருகும் என்று வேளாண் பல்கலைக்கழகமே எச்சரிக்கிறது. திராட்சைக்குக் கேட்டதே என்று இங்கே போட்டுப் பார்க்கக் கூடாது.

மேலும், தைப்பட்டத்தில் சுக்கினி போட்டால் காய்க்கிற நேரத்தில் சமவெளியில் கோடை வந்துவிடும். கடும் வெயிலில் ஆண் பூ அதிகமாகும், மகரந்தமும் வீரியம் இழக்கும். கையால் சேர்த்தும் பிஞ்சு விழுந்தால் மனம் தளர வேண்டாம். அடுத்த முறை ஐப்பசி, கார்த்திகையில் மழை பார்த்துப் போடுங்கள், பனிக்காலத்துக் குளிரில் அருமையாக வரும். தழைச்சத்து உரத்தையும் பூ வரும் பருவத்தில் குறையுங்கள். இலை முறம் அகலம் என்று எழுதியபோதே எனக்கு அந்தச் சந்தேகம் வந்தது.

கத்திரிப்பூ

மழையில் போட்டால் எங்கள் பக்கம் நத்தை. இரவோடு இரவாக நாற்றை மொட்டையடித்துவிடுகிறது. உப்பு தூவச் சொல்கிறார்கள், செடி தாங்குமா?

லண்டன்_பாத்தி

உப்பு வேண்டாம், மண் கெட்டுவிடும். நத்தையும் ஓடில்லாத நத்தையும் இங்கே கூர்ஜெட்டுக்கு (சுக்கினிக்கு இங்கே அந்தப் பெயர்) முதல் எதிரி. நாங்கள் சித்திரையில் வீட்டுக்குள் ஜன்னலோரம் விதைத்து, ஜூன் வாக்கில், கன்று நாலைந்து இலையோடு தடித்த பிறகே பாத்தியில் வைக்கிறோம். நத்தைக்குப் பிடித்தது முளை. தண்டு தடித்துவிட்டால் சாப்பிட்டாலும் செடி சாகாது. அதே முறை உங்களுக்கும் பொருந்தும்: மாடியிலோ திண்ணையிலோ கோப்பையில் வளர்த்து, பெரிதானதும் இறக்குங்கள்.

முன்பு எல்லோரும் மெட்டால்டிஹைடு நீலக் குருணை போடுவார்கள். முள்ளெலியும் பறவைகளும் சாகின்றன என்று 2022 வசந்தத்தில் இருந்து பிரிட்டனில் திறந்தவெளியில் அதற்குத் தடை. இப்போது பெர்ரிக் பாஸ்பேட் குருணைதான். அதைவிட எனக்குப் பலன் தந்தது இரவு டார்ச் அடித்துப் பொறுக்குவது. மழை விட்ட இரவில் ஈரச் சாக்கையோ முட்டைக்கோஸ் இலையையோ பாத்தியில் போட்டு வையுங்கள், விடிந்ததும் புரட்டினால் அதன் அடியில் கூட்டமாக இருக்கும். கையுறை போட்டு எடுங்கள். சென்னையில் ஆப்பிரிக்கப் பெரிய நத்தை உண்டு, அதை வெறும் கையால் தொடுவது நல்லதல்ல.

கொங்குமண்

எல்லோருக்கும் நன்றி. வெள்ளைத் திட்டு கையில் ஒட்டவில்லை, பிறவி நிறம்தான். வேப்பெண்ணெயை நிறுத்திவிட்டு, மகரந்தம் சேர்த்த பிஞ்சுகளுக்குப் பை கட்டியிருக்கிறேன். அரசாணிப் பிஞ்சு மூன்று தேறி, டென்னிஸ் பந்தைத் தாண்டிவிட்டது. சுக்கினியில் ஒன்று பறித்தோம். பச்சையாக ஒரு துண்டு கடித்தபோது லேசாகக் கசந்த மாதிரி இருந்தது. பக்கத்தில் பாகற்கொடி இருக்கிறது, அதன் மகரந்தம் கலந்திருக்குமா? வதக்கினால் சரியாகிவிடுமா?

மதுரை_மாடித்தோட்டம்

தம்பி, அந்தக் காயைச் சாப்பிடாதீர்கள். யாரும் சாப்பிட வேண்டாம். மாட்டுக்கும் போடாதீர்கள்.

நீலகிரி_காய்கறி

அக்கா சொல்வதை அப்படியே கேளுங்கள். பாகல் வேறு பேரினம், அதன் மகரந்தத்தால் சுக்கினியில் காய் பிடிக்காது. அப்படியே வேறொரு பூசணியின் மகரந்தம் சேர்ந்திருந்தாலும் இந்த வருடக் காயின் சதை மாறாது, அதன் விதையில்தான் கலப்பு போகும். கசப்புக்குக் காரணம் குக்குர்பிட்டசின் என்ற நச்சு. விதை உற்பத்தியின்போதே காட்டுப் பூசணியோடோ அலங்காரப் பூசணியோடோ கலந்திருந்தால் வரும். வறட்சி, வெயில் தாக்கினாலும் கூடும். சமைத்தாலும் அது போகாது.

2015இல் ஜெர்மனியின் ஹைடன்ஹைமில் வீட்டில் விளைந்த கசப்புச் சுக்கினியைச் சமைத்துச் சாப்பிட்ட முதியவர் ஒருவர் இறந்தார். 2010இல் டெல்லியில் கசந்த சுரைக்காய்ச் சாறு குடித்த விஞ்ஞானி ஒருவர் இறந்த பிறகு, கசந்தால் குடிக்கக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிபுணர் குழு எச்சரித்தது. சுக்கினி, சுரை, வெள்ளரி எதுவானாலும் நறுக்கும்போது ஒரு துளி நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு முழுக் காயையும் குப்பையில் போடுங்கள். அந்தச் செடியில் அடுத்த காயும் கசந்தால் செடியையே பிடுங்கிவிடுங்கள்.

கொங்குமண்

தூக்கிப் போட்டுவிட்டேன். நல்லவேளை கேட்டேன். கடைசியாக ஒன்று: தேறிய அரசாணியிலிருந்து அடுத்த ஆடிப்பட்டத்துக்கு விதை எடுக்கலாமா? அது பாட்டி வீட்டு விதை. சுக்கினி விதையையும் எடுத்து வைக்கட்டுமா?

செம்மண்காடு

சுக்கினியில் வேண்டாம். பாக்கெட்டில் எப்1 என்று இருந்தால் அது வீரிய ஒட்டுரகம், அதாவது கலப்பினம், விதை தாய் மாதிரி வராது. கசப்பு வந்த செடியில் எடுக்கவே கூடாது.

அரசாணியில் தாராளமாக எடுங்கள், ஆனால் அக்கம்பக்கத்தில் வேறு பரங்கி ரகம் இருந்தால் தேனீ கலந்துவிடும். ஆகவே விதைக்கென்று ஒரு பூவை ஒதுக்குங்கள். நாளை விரியப்போகிற மொட்டு முனையில் மஞ்சள் தட்டித் தெரியும். ஆண் மொட்டு ஒன்று, பெண் மொட்டு ஒன்று, இரண்டின் வாயையும் முந்தின நாள் சாயங்காலமே நூலால் கட்டிவிடுங்கள். காலையில் அவிழ்த்து மகரந்தம் சேர்த்து, பெண் பூவை மறுபடி கட்டி, காம்பில் ஒரு சிவப்பு நூல் அடையாளம் போடுங்கள். அந்தக் காயைக் கொடியிலேயே காம்பு காய்ந்து கட்டையாகும் வரை விடுங்கள். பறித்தபின் நிழலில் மூன்று நாலு வாரம் வைத்து அறுத்தால் விதை நன்றாக முற்றியிருக்கும். கழுவி, மிதப்பதைத் தள்ளிவிட்டு, வெயிலில் போடாமல் நிழலில் உலர்த்துங்கள். மடக்கினால் வளையாமல் பட்டென்று ஒடிகிற பதம் வந்ததும் கொஞ்சம் சாம்பல் கலந்து மண்கலயத்தில் போட்டுத் துணியால் வாயைக் கட்டுங்கள். நட்ட நாலில் மிஞ்சியிருப்பவற்றில் எந்தக் கொடி வண்டுக்கும் வெயிலுக்கும் நன்றாகத் தாங்கியதோ அதிலிருந்து எடுங்கள். மிஞ்சினால் எனக்கும் ஒரு பிடி அனுப்பிவையுங்கள், பதிலுக்கு எங்கள் பக்கத்துச் சுரை விதை தருகிறேன்.